நூறு சுற்று ஓட வேண்டிய மோட்டார்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொம்மைக் காரைப் பிரித்து, உள்ளே இருக்கும் குட்டி மோட்டாரை எடுத்து, அதன் இரண்டு ஒயரையும் பேட்டரியின் இரண்டு முனையில் வைத்து, அது விர்ரென்று சுற்றும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தவர்கள் கை தூக்குங்கள். தூக்காதவர்களும் படிக்கலாம். ஆனால் உங்கள் சின்ன வயதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. நான் ஐந்தாவது முடித்திருந்தேன், அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். வீடு அண்ணாமலையார் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில். அப்போது அங்கே பாதி மனையில் வீடு, பாதி மனையில் முள்செடி. அப்பா அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம்தான் ஒருவரிடம் சொன்னேன். சொன்னபிறகு தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு ரேஸ் செட் இருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சிங்கப்பூரில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு லீவில் வந்தபோது கொண்டுவந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடு ஒன்று மாட்டினால் எட்டு மாதிரி ஒரு ரோடு வரும். ரோட்டில் இரண்டு பள்ளக்கோடு, கோட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய தகடு. தகட்டில்தான் கரண்ட். காரின் அடியில் இருக்கும் முளை கோட்டுக்குள் இறங்கிக்கொள்ளும். கையில் பிடிக்கிற விசையை அழுத்தினால் கார் ஓடும், ஜாஸ்தி அழுத்தினால் வளைவில் எகிறிப் போய் பீரோவுக்கு அடியில் விழும். சிவப்புக் கார் அண்ணனுடையது, நீலக் கார் என்னுடையது என்று பேர். நீலமும் அவனுடையதுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்தத் தகட்டில் கார் உரசிப் போகும்போது ஒரு வாசனை வரும். மழை பெய்யப்போகிற மாதிரி, இரும்பு மாதிரி. இப்போது என் வீட்டில் பிள்ளைகள் ரிமோட்டில் ஓட்டுகிற கார்களுக்கு வாசனையே இல்லை. சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஒரு வருஷம் நன்றாக ஓடிற்று. பிறகு சிவப்பின் மோட்டார் போனது, அடுத்த மாதமே நீலமும் போனது. அண்ணன் பெரிய தெருப் பக்கம் தேடி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தொங்கவிட்டிருந்த மோட்டார்களைக் கண்டுபிடித்தான். பார்க்க அச்சு அசல் அதே மாதிரி, விலையோ கடலை மிட்டாய் விலை. மாட்டியதும் பழைய மோட்டாரைவிட வேகமாகப் பறந்தது. நாங்கள் இருவரும் குதித்தோம். சாயங்காலம் குதித்தோம், ராத்திரி சாப்பாட்டுக்குள் அது செத்துவிட்டது. இரண்டாவது ஐந்து நாள் தாங்கிற்று. மூன்றாவது, காரின் மூடியை முடுக்குவதற்குள்ளேயே புகைந்தது. புகை வரும்போதெல்லாம் அம்மா சமையல்கட்டிலிருந்து ஓடிவருவாள்.

"எதாவது அடுப்புல விட்டுட்டேனா? என்னாடா தீயற வாசனை?"

"மோட்டாருக்குள்ள காயில் கம்பி எரிஞ்சிடுச்சிம்மா."

"அந்தக் கருமாந்திரத்த வெளிய கொண்டும் போய் எரிங்கடா."

செத்த மோட்டார்களை ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டுவைத்தோம். அம்மா அதற்குச் சுடுகாட்டு டப்பா என்று பேர் வைத்தாள். நான் மட்டும் அதிலிருந்து காந்தங்களைப் பிடுங்கி, தெருமண்ணில் உருட்டி, கறுப்பாக ஒட்டுகிற துகள்களைச் சேர்த்துவைப்பேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

அண்ணன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வேலூர் ரோட்டில் ஒரு வைண்டிங் கடை இருந்தது. கிணற்று மோட்டார் காயில் எரிந்துபோனால் விவசாயிகள் கொண்டுவந்து போடுவார்கள், கடைக்காரர் பழைய கம்பியை அறுத்தெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றித் தருவார். அண்ணன் அங்கே போய் நின்று நின்று பார்த்தான். கடைக்காரர் அவனைப் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து அண்ணனே விஷயத்தைக் கண்டுபிடித்து வந்து எனக்குச் சொன்னான்.

"பாப்பா, இந்த மோட்டாரு ரெண்டு பென்சில் பேட்டரிக்கு செஞ்சது. நம்ம செட்டு டிரான்ஸ்பார்மரு அத மாதிரி நாலு பங்கு கரண்டு குடுக்குது. ரெண்டு இட்லி துன்றவன் வாயில எட்டு இட்லிய திணிச்சா என்னாவான்?"

"வாந்தி எடுப்பான்."

"அதான். நாம என்னா பண்ணணும், உள்ள இருக்கற கம்பிய எடுத்துட்டு, அதவிட மெலிசு கம்பிய ஜாஸ்தி சுத்து சுத்தணும். அப்ப எட்டு இட்லியும் தாங்கும்."

அண்ணனுக்குப் பதினைந்து வயது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் இதைச் சொன்னான் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மெல்லிய கம்பிக்கு எங்கே போவது? ரிப்பேரான காலிங் பெல் ஒன்றைப் பிரித்தான். உள்ளே தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி. மோட்டாரின் பின்மூடியை ஊசியால் நெம்பித் திறந்து, மூன்று கை நீட்டிக்கொண்டிருக்கிற அந்தக் குட்டி இரும்பை வெளியே எடுத்தான். கம்பிச் சுருளைப் பென்சிலில் மாட்டி நான் பிடித்துக்கொள்வேன். அவன் சுற்றுவான், நான் எண்ணுவேன். மூன்று கைக்கும் ஒரே எண்ணிக்கை வரவேண்டும். எண்ணும்போது எனக்குத் தும்மல் வந்தால் முழுவதையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சுற்றுவான். ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. சுற்றி முடித்தபிறகு கம்பி அசையாமல் இருக்க என்னுடைய நகப்பாலிஷைத் தடவினான். அதற்கு நான் ஒரு நாள் முழுக்க அழுதேன், அது வேறு கதை.

முதலில் சுற்றியது ஓடவே இல்லை. இரண்டாவது பின்பக்கமாக ஓடியது. மூன்றாவது ஓடியது. சும்மா ஓடவில்லை, பாடிக்கொண்டு ஓடியது. அதை உடனே காரில் மாட்டாமல் ஒரு பகல் முழுக்க ஒற்றை பேட்டரியில் மெதுவாகச் சுற்றவிட்டான். உள்ளே உரசிக்கொண்டிருக்கும் இரண்டு சின்னக் கார்பன் துண்டுகள் பதமாகத் தேய்ந்து உட்காரவேண்டுமாம். பிறகு சிவப்புக் காரில் மாட்டி மூன்று நாள் ஓட்டினோம். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் அப்பா பேப்பர் படிக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அண்ணனுக்குப் பாலிடெக்னிக்கில் சேர்ந்து எலெக்ட்ரிகல் படிக்க ஆசை. அப்பாவுக்கு அவன் பதினொன்றாவதில் காமர்ஸ் குரூப் எடுத்து, பிறகு பேங்க் பரீட்சை எழுதவேண்டும். அப்பா விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு கோடையில் கிணற்று மோட்டார் மூன்று தடவை எரிந்து, வேர்க்கடலை முழுக்கக் காய்ந்துபோனது. வைண்டிங் கடை வாசலில் நாள்கணக்கில் காத்துக்கிடந்தவர் அவர்தான்.

"நாளைக்கு தரேன் நாளைக்கு தரேன்னு சொல்ற வேலதானடா அது?" என்பார். "நீயும் அப்படி பொய் சொல்லிக்கினு ஒக்காரணுமா?"

அண்ணன் பாட்டுக்குக் கம்பியை நீவிக்கொண்டிருப்பான். காதுமடல் மட்டும் சிவக்கும்.

சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள் மாமா லீவில் வந்தார். எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் வீடு சத்திரம்தான். கிரிவலம் போக வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் ஹாலில்தான் பையைப் போடுவார்கள். மாமா சிவப்புக் கார் ஓடுவதைப் பார்த்தார். பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்தார். அப்பாவைப் பார்த்துத் திரும்பினார்.

"மாமா, சிங்கப்பூர்ல என் கம்பெனில கூட இந்த மாதிரி கை கெடைக்காது. இவன கணக்குப் புஸ்தகத்துல தள்ளாதீங்க."

"ஓடுற வரைக்கும் எல்லா மோட்டாரும் நல்லாதான் ஓடும்" என்றார் அப்பா.

"சரி, பந்தயம் வெச்சிக்கலாமா? நான் நீலத்துக்கு ஒரிஜினல் மோட்டாரு கொண்டாந்திருக்கேன். நாளைக்கு கிரிவலம் கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஓட விடலாம்."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பிறகு அண்ணனை நேராகப் பார்த்துச் சொன்னார். "ஜெயிக்க வேணாம்டா. நிக்காம நூறு ரவுண்டு ஓடட்டும். ஓடுச்சின்னா நானே பாலிடெக்னிக் போய் ஃபாரம் வாங்கியாரேன். நடுவுல நின்னுச்சின்னா, கம்முனு காமர்ஸ் படிக்கணும். சம்மதமா?"

"சம்மதம்பா" என்றான் அண்ணன். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் திருநீறுதான். ஜுரம் வந்தால் திருநீறு, பரீட்சைக்குப் போனால் திருநீறு. அப்பாவின் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அம்மா வந்து ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவாள், அடுத்த உதையில் அது கிளம்பிவிடும். நானே பார்த்திருக்கிறேன். பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு அம்மாவோடு அடி அண்ணாமலைக் கோயிலுக்குப் போயிருந்தேன். அங்கே கொடுத்த திருநீற்றைக் காகிதத்தில் மடித்துப் பாவாடை முடிச்சில் வைத்திருந்தேன். பௌர்ணமி அன்று காலையில் அண்ணன் குளிக்கப் போனான். மோட்டாரைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்திருந்தான். அதன் பின்மூடியில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். உள்ளே பார்த்தால் கார்பன் தெரியும்.

வெளியே பூசினால் அழிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. "அண்ணாமலையாரே, நிக்காம ஓடணும்" என்று சொல்லிக்கொண்டு ஒரு ஓட்டையில் ஒரு சிட்டிகை போட்டேன். மற்ற ஓட்டை கோபித்துக்கொள்ளும் என்று அதிலும் ஒரு சிட்டிகை. உள்ளே இறங்கட்டும் என்று நகத்தால் தட்டிவிட்டேன். வெளியே ஒட்டியிருந்ததைப் பாவாடையால் துடைத்தேன். சாமி காரியத்தைச் சொன்னால் பலிக்காது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். ஹாலில் உட்கார இடமில்லை. சமையல்கட்டில் ராத்திரிக்குக் கட்டிய புளிசோற்றின் வாசனை. ரவுண்டு எண்ணுகிற வேலை எனக்கு. ஒரு கிண்ணத்தில் நூறு புளியங்கொட்டை, சிவப்பு என்னைத் தாண்டும்போதெல்லாம் ஒன்றை எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடவேண்டும்.

நீலத்தை மாமா ஓட்டினார், சிவப்பை அண்ணன். சிவப்பு அதோடு ஒட்டிக்கொண்டே போனது. சில வளைவில் முந்தியது. இருபது, முப்பது, ஐம்பது. சொந்தக்காரர்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அறுபதுக்கு மேல் அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எழுபத்தைந்தாவது கொட்டையைப் போட்டபோது அவர் மாமாவைப் பார்த்து, "ஓடுது பாருடா, ஓடுதுடா" என்றார். அப்பாவின் முகம் அப்படித் திறந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எண்பதில் சத்தம் மாறியது. பாட்டு போய், தொண்டையில் கரகரப்பு வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கொட்டையைப் பார்த்தேன். எண்பத்து மூன்றில் சிவப்புக் காருக்கு அடியில் நீலமாக ஒரு பொறி. இரண்டு கோடும் குறுக்கே போகிற இடத்தில் கார் நின்றுவிட்டது. அண்ணன் விரலால் தள்ளினான், அரை அடி போய் மறுபடி நின்றது. மாமா விசையை விட்டுவிட்டார், "டிரான்ஸ்பார்மர் சூடாயிருக்கும், ஆறட்டும்" என்றார். அது பொய் என்று அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நீலக் கார் அதே கரண்டில்தானே அதுவரை ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து வந்து அண்ணன் தோளில் கை வைத்தார். "பரவால்லடா. நல்லாதான் செஞ்ச. இதுக்கு கைராசி வேணும்டா, எல்லாருக்கும் வராது. நீ காமர்ஸே படி" என்று மெதுவாகச் சொன்னார்.

"கம்பி லூசா சுத்திட்டேன் போலப்பா" என்றான் அண்ணன். அழவில்லை.

எனக்கு அண்ணாமலையார் மேல் கோபம் வந்தது. இரண்டு சிட்டிகை போதவில்லை, இன்னும் கொஞ்சம் போட்டிருக்கவேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலமே எல்லோரும் கிரிவலம் கிளம்பினோம். ரோடு முழுக்கத் தலைகள். அடி அண்ணாமலை தாண்டியதும் அண்ணன் கூட்டத்தை விட்டு ஓரமாக ஒதுங்கினான். சட்டைப் பையிலிருந்து மோட்டாரை எடுத்து முள்காட்டுக்குள் வீசினான். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாதவன், அதை மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

பிறகு காமர்ஸ். பேங்க் பரீட்சை மூன்று தடவை எழுதிக் கிடைக்காமல், கடைசியில் ஒரு தனியார் ஆபீஸில் வேலை. நல்ல வேலைதான், நல்ல மனுஷன்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் ஸ்குரூடிரைவரைத் தொட்டு நான் பார்க்கவில்லை. ஃபியூஸ் போனால்கூட ஆளைக் கூப்பிடுவான். ரேஸ் செட் பரணில் கிடந்து, வீடு மாறும்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் என் மிக்ஸி நின்றுபோனது. ரிப்பேர்க்காரர் பிரித்துக் காட்டினார். "மஞ்சத்தூளு, மாவு எல்லாம் உள்ள எறங்கியிருக்கு பாரும்மா. கார்பன்ல தூள் பட்டா எப்பேர்ப்பட்ட மோட்டாரும் தாங்காது, பொறி அடிச்சே செத்துடும்" என்றார். அவர் விரலில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கடையிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என்னம்மா ஆச்சு, தண்ணி வேணுமா என்று கேட்டார்.

அன்றே அண்ணனிடம் சொல்லியிருக்கவேண்டும். அவனுக்கு அப்போதுதான் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது எதற்குப் பழைய கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் அப்பா போய்ச் சேர்ந்தார். எல்லாம் சாக்கு. அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன், அதுதான் உண்மை. ஒரு பையனின் படிப்பை ஒரு மோட்டாரை வைத்து முடிவு செய்தது அப்பாவின் தப்புதான். ஆனால் அந்த மோட்டாரைக் கொன்றது நான்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஓடாத டேபிள் ஃபேன் ஒன்றைத் தரையில் போட்டுக்கொண்டு, பிரித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "வேணாம்மா, ஆள கூப்புட்டுக்கலாம். நம்ம குடும்பத்துக்கு அந்தக் கை கெடையாது. எனக்கும் ஆசை இருந்துது, கை வரல" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போன் செய்தேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. திருநீறு, பாவாடை முடிச்சு, இரண்டு ஓட்டை, மிக்ஸிக் கடை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"அண்ணா, என்னத் திட்டுண்ணா."

"இரு." அவன் எங்கோ எழுந்து போகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம். "எந்த ஓட்டைல போட்ட? அச்சு பக்கமா, கார்பன் பக்கமா?"

"பின்மூடிலண்ணா. உள்ள கார்பன் தெரியும்ல, அதுலதான். ரெண்டு பக்கமும்."

"தட்டி விட்டியா?"

"ம்."

அவன் திட்டப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் பேசியபோது குரல் உடைந்திருந்தது.

"அப்ப நான் சுத்துனது சரியாதான் சுத்தியிருக்கேன்."

போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பாப்பா, கேக்குதா? நல்லா ஞாபகம் இருக்கா ஒனக்கு? கார்பன் பக்கந்தானே?"

"ஆமாண்ணா. கார்பன் பக்கந்தான்."

"இன்னொரு தடவ சொல்லு" என்றான்.